கொலோன், 24 ஜனவரி 1975: ஒரு கச்சேரி எப்படி மறக்க முடியாததாகிறது?

மறக்க முடியாத கச்சேரி எது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். இசையைப் பற்றிச் சொல்வதற்கு முன் வேறு எதையாவது சொல்வார்கள். அன்று பாதியில் கரண்ட் போனது, பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்தது, உட்கார இடமில்லாமல் சுவரோரமாக நின்றுகொண்டே கேட்டோம், இப்படி. எல்லாம் ஒழுங்காக நடந்த கச்சேரி என்றால் "நன்றாக இருந்தது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இது ஏன் என்பது எனக்கு நெடுநாள் கேள்வி. அதை ஒரே ஒரு கச்சேரியை வைத்து ஆராய்ந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். நான் எடுத்துக்கொண்டது, அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரட் 1975 ஜனவரி 24, வெள்ளிக்கிழமை இரவு, ஜெர்மனியின் கொலோன் நகர ஓபரா அரங்கில் தனியாக வாசித்த பியானோ கச்சேரி. முழுக் கச்சேரியும் ஒலிநாடாவில் இருக்கிறது. அதனால் நடந்தது என்ன, நினைவில் நின்றது என்ன என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது. அப்புறம், மேடைக்குப் பின்னால் அன்று பட்ட பாட்டை அங்கே இருந்தவர்களே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்கள்.

அன்று மாலை

ஜாரட்டுக்கு அப்போது 29 வயது. சார்ல்ஸ் லாயிட், மைல்ஸ் டேவிஸ் ஆகியோரின் குழுக்களில் வாசித்துப் பெயர் வாங்கியிருந்தார். 1970களின் தொடக்கத்திலிருந்து அவர் துணிச்சலான ஒரு காரியத்தைச் செய்துவந்தார். எந்தப் பாட்டும் தயார் செய்யாமல் மேடையேறி, அந்த நேரத்தில் தோன்றுவதை மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசிப்பது. இதை மனோதர்மம் என்று சொன்னால் பாதிதான் பொருந்தும். மனோதர்மத்துக்கு ஒரு ராகமாவது பிடிமானமாக உண்டு. இவர் அதுகூட இல்லாமல் உட்காருவார்.

கொலோன் கச்சேரியை ஏற்பாடு செய்தவர் வேரா பிராண்டெஸ் என்ற இளம்பெண். அப்போது பதின்ம வயதில்தான் இருந்தார். அந்த அரங்கில் அதற்கு முன் ஜாஸ் கச்சேரி நடந்ததே இல்லை. மாலையில் வழக்கமான ஓபரா நிகழ்ச்சி இருந்ததால், அது முடிந்த பிறகு இரவு 11.30க்குத்தான் இடம் கொடுத்தார்கள். நுழைவுக் கட்டணம் 4 ஜெர்மன் மார்க். 1,400 பேருக்கு மேல் சீட்டு வாங்கி, அரங்கு நிறைந்திருந்தது.

ஜாரட் கேட்டிருந்த பியானோ பெசென்டோர்ஃபர் 290 இம்பீரியல். அது ஒரு பூதம். நீளம் 290 சென்டிமீட்டர். சாதாரண பியானோவில் 88 கட்டைகள் இருக்கும், இதில் 97. கூடுதலான ஒன்பதும் மந்தர ஸ்தாயியின் அடியில். அந்தக் கட்டைகளைத் தொடவே வேண்டாம், மற்ற கட்டைகளை வாசிக்கும்போதே அந்த நீண்ட தந்திகள் கூடவே அதிர்ந்து ஒலிக்குக் கனம் கொடுக்கும்.

அரங்கின் ஊழியர்கள் மேடையில் கொண்டுவந்து வைத்ததும் பெசென்டோர்ஃபர்தான். ஆனால் ஒத்திகைக்காகப் பின்னால் போட்டு வைத்திருந்த ஒரு சிறிய பியானோ. பெயர் ஒன்றாக இருந்ததைத் தவிர இரண்டுக்கும் சம்பந்தமில்லை. சுருதி விலகியிருந்தது. மேல் ஸ்தாயியில் தகரத்தைத் தட்டியதுபோல் சத்தம். கீழ் ஸ்தாயியில் பலமே இல்லை. பெடல்கள் சரியாக வேலை செய்யவில்லை.

இந்தக் குறைகளைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பின்னால் நடந்ததெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. பியானோவில் கட்டையை அழுத்தினால் ஒரு சிறு சுத்தியல் போய்த் தந்தியைத் தட்டும். சுத்தியலின் முனையில் இறுக்கிய கம்பளி இருக்கும். வருடக்கணக்கில் தட்டித் தட்டி அந்தக் கம்பளி தேய்ந்து இறுகிப்போனால் ஒலியின் மென்மை போய்விடும். மேல் ஸ்தாயியில் அது காதில் குத்தும். கீழ் ஸ்தாயிக்கு நீளமான தந்தி தேவை. சிறிய பியானோவில் அதற்கு இடம் இல்லாததால் தந்தியைக் குட்டையாக்கி, கம்பி சுற்றித் தடிமனாக்கி ஈடுகட்டுவார்கள். சுருதி வரும், ஆழம் வராது. பெடலின் வேலை வேறு. விரலை எடுத்த பிறகும் ஒலி அடங்காமல் நீள வைப்பது அது. அது கைவிட்டால், ஒலியை நீட்ட வாசிப்பவருக்கு விரல் மட்டுமே மிச்சம்.

ஜாரட் வந்து சேர்ந்தபோது பிற்பகல் தாழ்ந்துவிட்டது. சுவிட்சர்லாந்திலிருந்து நெடும்பயணம், காரில். பல இரவுகள் சரியான தூக்கமில்லை. முதுகுவலிக்காக இடுப்பில் பட்டை கட்டியிருந்தார். கூட வந்தவர் ஈ.சி.எம். இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய மான்ஃபிரெட் ஐஷர். இருவரும் பியானோவைத் தொட்டுப் பார்த்தார்கள். வேறு பியானோ வராவிட்டால் கச்சேரி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வேறு பியானோவுக்கு பிராண்டெஸ் அலைந்தார். வெளியே மழை. பெரிய பியானோ ஒன்றை அந்த ஈரத்திலும் குளிரிலும் தெருவழியாக நகர்த்தினால் அது பாழாகிவிடும் என்று சுருதி சேர்க்க வந்தவர் தடுத்துவிட்டார். கிளம்பத் தயாராகக் காரில் உட்கார்ந்திருந்த ஜாரட்டிடம் அந்தப் பெண் மழையில் நின்று மன்றாடினார். அவர் இறங்கிவந்து சம்மதித்தார். ஒலிப்பதிவுக் கருவிகள் ஏற்கெனவே பொருத்தப்பட்டுத் தயாராக இருந்ததும் ஒரு காரணம். அதன்பின் பல மணி நேரம் அந்தச் சின்ன பியானோவோடு போராடி, வாசிக்கத்தக்கதாக ஆக்கினார்கள். ஜாரட் சாப்பிடப் போன இடத்தில் உணவு வரத் தாமதமாகி, நாலு வாய் சாப்பிட்டுவிட்டு ஓடிவர வேண்டியதாயிற்று.

சரி, இதுவரை நடந்தது எல்லாமே மேடைக்குப் பின்னால். அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதில் எதுவும் தெரியாது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

முதல் ஐந்து சுரங்கள்

ஓபரா அரங்குகளில், நிகழ்ச்சி தொடங்கப் போகிறது, உள்ளே வந்து உட்காருங்கள் என்று அழைக்க ஒரு மணி அடிப்பார்கள். கொலோன் அரங்கின் மணிக்கு ஒரு சின்ன மெட்டு உண்டு. அன்று இரவு அங்கே இருந்த எல்லோருடைய காதிலும் சில நிமிடங்களுக்கு முன் அந்த மெட்டு விழுந்திருந்தது.

ஜாரட் உட்கார்ந்தார். கச்சேரி அந்த மணியின் மெட்டோடு தொடங்கியது.

ஒலிப்பதிவைக் கவனமாகக் கேட்டால், ஆரம்ப நொடிகளிலேயே சபையில் மெல்லிய சிரிப்பொலி எழுவது கேட்கும். அடையாளம் கண்டுகொண்டவர்களின் சிரிப்பு. மணியின் மெட்டை அவர் வேண்டுமென்றே எடுத்தாரா, காதில் ஒட்டியிருந்தது தானாக விரலுக்கு வந்ததா என்ற விவாதம் எனக்கு முக்கியமாகப் படவில்லை. எப்படி வந்திருந்தாலும் அதன் விளைவு ஒன்றுதான். 1,400 பேரும் கச்சேரிக்குள் வந்துவிட்டார்கள். அவர்கள் கேட்டது வேறு எந்த ஊரில், வேறு எந்த நாளில் வாசித்திருந்தாலும் அர்த்தமில்லாத ஒரு தொடக்கம். அந்த அரங்கின் மணி, அந்த அரங்கில் இருப்பவர்களுக்கு மட்டும்.

இந்தக் கச்சேரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பியானோவின் கதையோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிட இந்த ஐந்து சுரங்கள் பெரிது. கேட்பவருக்குக் கச்சேரியில் ஒரு பங்கு கிடைத்த தருணம் இது. பிறகு வந்த ஒரு மணி நேரத்தை அவர்கள் வேடிக்கை பார்த்தவர்களாகக் கேட்கவில்லை.

இடக்கை

முதல் பகுதி 26 நிமிடம் ஓடுகிறது. அதில் ஏறத்தாழ 12 நிமிடம் ஏ மைனர், ஜி மேஜர் என்ற இரண்டே கார்டுகளின் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) மேல் நிற்கிறது. சில இடங்களில் தாளக்கட்டே இல்லாமல் மிதக்கிறது, சில இடங்களில் தேவாலயப் பாடல்களின் துள்ளலோடு ஓடுகிறது. கடைசி ஆறு நிமிடம் ஏ மேஜரில் ஒரே மெட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறார். இரண்டாம் பகுதி டி மேஜரில், இடக்கை ஒரே உருட்டலை விடாமல் வாசித்துக்கொண்டிருக்க, எட்டு நிமிடம் போல அதன் மேலேயே கட்டப்படுகிறது.

காகிதத்தில் பார்த்தால் இது சலிப்பூட்ட வேண்டும். இரண்டு கார்டை வைத்துக்கொண்டு 12 நிமிடமா? ஆனால் இடக்கையை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். அடி ஸ்தாயியில் ஒரு தட்டு தட்டிவிட்டு நீளவிட முடியாது. அந்தக் குட்டைத் தந்தியில் ஒலி தங்காது. அதனால் அடங்குவதற்குள் அடுத்த தட்டு, அதற்குள் அடுத்தது. சக்கரம் சுழல்வதுபோல ஒரே உருவம் திரும்பத் திரும்ப வந்து, பியானோவிடம் இல்லாத ஆழத்தை எண்ணிக்கையால் நிரப்புகிறது. வலக்கை, காதில் குத்தும் மேல் ஸ்தாயியை ஒதுக்கிவிட்டு, நடு ஸ்தாயியிலேயே அதிக நேரம் நடமாடுகிறது. அந்தக் கருவியில் நன்றாக ஒலித்த பகுதி அதுதான். இடையிடையே ஜாரட் முனகுவதும், வாய்விட்டுப் பாடுவதும், காலால் தரையைத் தட்டுவதும் பதிவில் தெளிவாகவே கேட்கின்றன.

நான் இந்தப் பதிவை முதன்முறை கேட்டபோது இந்தக் கதை எதுவும் தெரியாது. மேல் ஸ்தாயியின் அந்தத் தகர ஒலியை ஒலிப்பதிவின் கோளாறு என்றே நினைத்தேன். அதை யாரும் எனக்கு விளக்கியிருக்கவில்லை. ஆனாலும் முதல் பகுதியின் நடுவில், அந்த இரண்டு கார்டுகள் எப்போது மாறும் எப்போது மாறும் என்று காத்திருந்து, ஒரு கட்டத்தில் மாறவே வேண்டாம் என்று தோன்ற ஆரம்பித்தது நன்றாக நினைவிருக்கிறது. இசைத்தட்டில் கேட்ட எனக்கே இப்படி.

இந்தக் காத்திருப்புக்கு உடலில் ஓர் அடிப்படை இருக்கிறது. மிகவும் பிடித்த இசையைக் கேட்கும்போது மூளையில் டோபமின் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புடைய வேதிப்பொருள் சுரப்பதை மான்ட்ரியால் ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். உச்சக் கட்டம் வரும்போது ஒரு பகுதியிலும், அது வரப்போகிறது என்று எதிர்பார்க்கும்போது வேறொரு பகுதியிலும் அது சுரக்கிறது. அதாவது எதிர்பார்ப்புக்கே தனி இன்பம் உண்டு. ஜாரட்டின் இடக்கை அந்த எதிர்பார்ப்பைப் பன்னிரண்டு நிமிடம் இழுத்துப் பிடித்து வைத்திருந்தது.

பியானோ மோசம், அதனால் இசை அருமை?

ஐஷர் பின்னாளில் சொன்ன கருத்து ஒன்று உண்டு. அந்த பியானோவின் ஒலியின் மேல் ஜாரட்டுக்குக் காதல் வர வழியில்லை, அதனால்தான் அதிலிருந்து எடுக்கக்கூடியதை எல்லாம் எடுக்க வேறு வழி கண்டார் என்று. நியாயமான பேச்சு. ஆனால் இதை எடுத்துக்கொண்டு, குறை இருந்தால்தான் படைப்பு சிறக்கும் என்கிற அளவுக்குப் பேசுகிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

மோசமான கருவியில் மோசமாக அமைந்த கச்சேரிகள் எத்தனையோ. அவற்றை யாரும் பதிவு செய்வதில்லை, கதையாகச் சொல்வதும் இல்லை. கொலோனில் அப்படி ஆகாமல் போனதற்குக் காரணங்களைத் தேடினால், முதலில் கண்ணில் படுவது அந்த சுருதி சேர்ப்பவர்களின் உழைப்பு. அந்தச் சில மணி நேரம் இல்லையென்றால் ஜாரட் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் அது கேட்கத்தக்கதாக இருந்திருக்காது. அடுத்தது, வெறுங்கையோடு மேடையேறிப் பழகிய பழக்கம். ஏற்கெனவே முடிவு செய்த பாட்டை வாசிக்க வேண்டியிருந்தால், அந்தப் பாட்டு கேட்கும் ஸ்தாயியை பியானோ கொடுத்தாக வேண்டும். கொடுக்காது. இவரிடம் பாட்டே இல்லாததால், பியானோ எதைக் கொடுக்குமோ அதிலிருந்து பாட்டை ஆரம்பிக்க முடிந்தது. சில வருடங்களாக இப்படி வாசித்துவந்தவருக்கு அன்று கிடைத்தது ஒரு முரட்டுக் கருவி. அதோடு பேச அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவதாக நான் சொல்வது சபையை. நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் ஒரு தனி ஆள், பாட்டின் பெயர்கூட இல்லாமல், இரண்டு கார்டை வைத்துக்கொண்டு சுற்றுகிறார். 1,400 பேர் அமைதியாகப் பொறுத்திருக்கிறார்கள். அந்தப் பொறுமை இல்லாவிட்டால் அவர் நாலாவது நிமிடத்திலேயே வேறெங்காவது தாவியிருப்பார் என்பது என் கணிப்பு. மேடையில் இருப்பவருக்கு சபையின் மௌனம் நன்றாகவே கேட்கும். சலித்த மௌனம், காத்திருக்கும் மௌனம் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் யாரும் நெடுநாள் மேடையில் நிற்க முடியாது.

கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லைவ்லேப் என்றொரு கச்சேரி அரங்கு இருக்கிறது, ஆய்வுக்கென்றே கட்டியது. அங்கே ஒரு சபைக்கு அதே பாடகரின் பாடல்களை நேரிலும், வேறொரு சபைக்குப் பதிவிலிருந்தும் கேட்கச் செய்து, தலைகள் எப்படி அசைகின்றன என்று அளந்தார்கள். நேரில் பாடியபோது அசைவு வேகமாகவும், கூடுதல் உற்சாகத்தோடும் இருந்தது. அதே பாடல்கள்தான். ஆள் எதிரே இருக்கிறார் என்பதுதான் மாறிய விஷயம்.

தெரிந்த ஆபத்து, தெரியாத ஆபத்து

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கச்சேரி. ஆம்ஸ்டர்டாமின் கன்செர்ட்கெபோ அரங்கில் ஒரு மதிய நிகழ்ச்சி. பியானோவில் மரியா ஜுவாவ் பிரெஸ், இசைக்குழுவை நடத்தியவர் ரிக்கார்டோ ஷய்யி. இசைக்குழு மொஸார்ட்டின் டி மைனர் பியானோ கான்செர்ட்டோவை, அதாவது பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை, தொடங்கியது. பிரெஸ் தயாராகி வந்திருந்ததோ மொஸார்ட்டின் வேறொரு கான்செர்ட்டோ. பியானோ நுழைவதற்கு முன் இசைக்குழு மட்டும் வாசிக்கும் முன்னுரை இரண்டு நிமிடத்துக்கு மேல் நீளும். அந்த இரண்டு நிமிடமும் அவர் முகத்தில் ஓடிய கலவரம் படக்கருவியில் பதிவாகியிருக்கிறது. நெற்றியில் கை வைக்கிறார், ஷய்யியிடம் ஏதோ சொல்கிறார். ஷய்யி குழுவை நிறுத்தாமலே, புன்னகையோடு, உங்களால் முடியும் என்கிறார். முறை வந்ததும் பிரெஸ் கட்டையில் கை வைத்து, நினைவிலிருந்தே முழுவதையும் வாசிக்கிறார்.

அங்கே முன்வரிசையில் இருந்தவர்கள் ஆபத்தைக் கண்ணால் பார்த்திருக்க முடியும். கொலோனில் ஆபத்து முழுக்க மறைவாக இருந்தது. ஆனாலும் இரண்டும் நினைவில் நிற்கின்றன. அப்படியானால் ஒரு கச்சேரி மறக்க முடியாததாவதற்குப் பின்கதை அவசியமில்லை என்றாகிறது. வாசிப்பவர் அந்த நொடியில் தேடிக்கொண்டிருக்கிறார், இன்னும் கண்டடையவில்லை என்பது கேட்பவருக்குப் புரிந்தால் போதும். அதற்குக் காரணம் மறந்துபோன கான்செர்ட்டோவா, கெட்டுப்போன பெடலா என்று தெரிய வேண்டியதில்லை. ஒத்திகையில் முடிந்துபோன வேலையை மேடையில் திருப்பிக் காட்டும்போது இந்தத் தேடல் இருக்காது. எல்லாம் ஒழுங்காக நடந்த கச்சேரிகள் "நன்றாக இருந்தது" என்பதோடு முடிந்துபோவதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான்.

ஒரு அனுபவத்தின் உச்சத்தையும் முடிவையும் வைத்தே நாம் அதை நினைவில் எடை போடுகிறோம் என்று டேனியல் கானமன் போன்ற உளவியலாளர்கள் சொல்வார்கள். கச்சேரிகளுக்கு இது பெருமளவு பொருந்தும். கொலோனில் முடிவும் நன்றாகவே அமைந்தது. சபை ஒன்ஸ் மோர் கேட்க, ஏழு நிமிடத் துக்கடா ஒன்று வாசித்தார், அது மட்டும் அவர் முன்பே இயற்றியிருந்த மெட்டு. ஆனால் அந்த இரவைப் பொறுத்தவரை தொடக்கத்துக்கும் ஒரு எடை கொடுக்காமல் என்னால் கணக்கை முடிக்க முடியவில்லை.

ஒலிநாடாவில் இருப்பதும் இல்லாததும்

பதிவு செய்தவர் மார்ட்டின் வீலாண்ட். இரண்டு நோய்மன் யு 67 மைக்குகள், எடுத்துச் செல்லக்கூடிய ஒரு டெலிஃபுங்கன் ஒலிநாடாக் கருவி, அவ்வளவுதான். இசைத்தட்டு அதே 1975இல் வெளிவந்து, 35 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. தனி பியானோ இசைத்தட்டுகளில் இந்த அளவு விற்றது வேறில்லை.

இசைத்தட்டில் இரண்டாம் பகுதி இரண்டு துண்டாக இருக்கும். அரங்கில் அது அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஓடிய ஒரே வாசிப்பு. ஒரு பக்கத்தில் அவ்வளவு நேரம் கொள்ளாது என்பதால் வெட்டினார்கள். வீட்டில் கேட்டவர்கள் எழுந்துபோய்த் தட்டை மாற்றிப் போட்டார்கள். அரங்கில் இருந்தவர்கள் அசையாமல் இருந்தார்கள். ஒரே இசையின் இரண்டு விதமான நினைவுகள் இங்கேயே பிரிந்துவிட்டன.

இந்த வாசிப்பை சுரக்குறிப்பாக எழுதி வெளியிடச் சொல்லிப் பலர் ஜாரட்டைக் கேட்டார்கள். நெடுங்காலம் மறுத்தார். ஒரு இரவில் பிறந்து அந்த இரவோடு போக வேண்டியது அது என்பது அவர் எண்ணம். கடைசியில் 1991இல் குறிப்பு வெளிவந்தது. ஆனால் வாசிக்கிறவர் யாராக இருந்தாலும் ஒலிப்பதிவையே இறுதிச் சான்றாகக் கொள்ள வேண்டும் என்ற கோரிக்கையோடு. இன்று அந்தக் குறிப்பைப் பார்த்து, நல்ல நிலையில் இருக்கும் பெரிய பியானோவில் இதை வாசிக்கிறார்கள். அந்த இடக்கை உருட்டல்கள் அங்கே அவசியமே இல்லாத கருவியிலும் அப்படியே வாசிக்கப்படுகின்றன, தேவை போய் அழகு மட்டும் மிஞ்சி.

2018இல் ஜாரட்டுக்கு இரண்டு முறை பக்கவாதம் வந்தது. 2020இல் அதை அவரே வெளியில் சொன்னார். இனி மேடையேறுவது நடக்காது என்றும், வலக்கையால் மட்டுமே வாசிக்க முடிகிறது என்றும். இடக்கை தேறினாலும் ஒரு கோப்பையைப் பிடிக்கும் அளவுக்குத்தான் தேறும் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்களாம். அதைப் படித்த அன்று கொலோன் பதிவை எடுத்து, முதல் பகுதியின் நடுவிலிருந்து கேட்டேன். ஒலிப்பானை இடது பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, இரண்டு கார்டுகளும் மாறும்வரை.